ஜனவரியில் வரும் கோடை

மே மாதம் பிறந்துவிட்டால் ஏற்காட்டுக்காரர்களுக்குத் தங்கள் ஊரிலேயே கால் வைக்க இடம் கிடைக்காது. சேலம், ஈரோடு, சென்னை என்று கீழே இருக்கிற அத்தனை பேரும் வெயிலுக்குப் பயந்து மலை ஏறிவிடுவார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் கார்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும். வருகிறவர்களுக்குக் கோடை என்றால் படகு, ஊஞ்சல், சூடான மிளகாய் பஜ்ஜி. மலையில் இருக்கிறவர்களுக்குக் கோடை என்றால் மலை மலையாய்ப் படுக்கை விரிப்பு, கழுவி முடியாத பாத்திரம், "அக்கா, வெந்நீர் வரலை" என்கிற குரல். தலைச்சோலைக் கிராமத்து வெள்ளையம்மாளுக்கு எத்தனையோ வருஷமாக இதுதான் கோடை.

அப்படிப்பட்ட வெள்ளையம்மாள் இந்த வருஷம் மே மாதத்தில் தானும் சுற்றுலா போகப்போவதாகச் சொன்னாள். ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ இல்லை. தென் அமெரிக்காவில் உருகுவே என்றொரு நாடு, அதன் தலைநகரம் மொண்டேவீடியோ, அங்கே. தலைச்சோலையில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் அது பெங்களூருக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று கேட்டார்கள்.

விஷயம் இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு ஜூலை மழையில் தொடங்கியது. வெள்ளையம்மாளும் அவள் கணவன் சின்னராஜும் தங்கள் காபித் தோட்டத்தை ஒட்டிய வீட்டில் இரண்டு அறைகளை வெளியூர்க்காரர்களுக்கு விடுகிறார்கள். அங்கே மூன்று நாள் தங்க வந்தவர் மிர்தா. அறுபது தாண்டிய பெண்மணி. கணவர் இறந்துவிட்டார், ஒரே மகன் ஸ்பெயினில். எங்கே போனாலும் கக்கத்தில் ஒரு ஃப்ளாஸ்க்கை இடுக்கிக்கொண்டு போவார். சுரைக்குடுக்கை ஒன்றில் பச்சை இலைத்தூளைப் போட்டு, வெந்நீர் ஊற்றி, இரும்புக் குழலால் உறிஞ்சிக்கொண்டே நடப்பார். அவர் ஊரில் எல்லோரும் அதைத்தான் குடிப்பார்களாம், மத்தே என்று பெயராம். அது சர்க்கரை வியாதிக்கு மருந்து என்று தலைச்சோலை முடிவு கட்டிவிட்டது.

வந்த மறுநாளே பாசிப் பாறையில் வழுக்கி மிர்தாவுக்கு முழங்கால் பிசகிக்கொண்டது. மூன்று நாள் மூன்று வாரமாயிற்று. வெள்ளையம்மாள் ஒத்தடம் கொடுத்தாள், ராகிக் களி கிண்டிக் கொடுத்தாள், கை பிடித்து நடக்க வைத்தாள். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. மிர்தா ஸ்பானிஷில் பேச, அவர் போன் அதைப் பாடப்புத்தகத் தமிழில் ஒப்பிக்கும். "நான் உங்கள் பருப்பை நேசிக்கிறேன்" என்று அது சொன்னதைக் கேட்டு வெள்ளையம்மாள் வயிறு வலிக்கச் சிரித்தாள்.

கால் சரியான அன்று காலை மிர்தா நேராக அடுப்படிக்கு வந்தார். வெள்ளையம்மாள் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினார். தோளைப் பிடித்து அழுத்தி அவளை நாற்காலியில் இருத்தி, "உக்காரு" என்றார். வீட்டுக்கு வருகிறவர் போகிறவர் எல்லோரையும் பார்த்து வெள்ளையம்மாள் நாள் முழுக்கச் சொல்கிற வார்த்தை அது. மிர்தா கற்றுக்கொண்ட ஒரே தமிழ் வார்த்தையும் அதுதான். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவர் ஊரில் மழை பெய்தால் செய்கிற பண்டமாம், கோதுமை மாவை வட்டமாகத் தட்டி எண்ணெயில் பொரித்துச் சர்க்கரை தூவித் தட்டில் வைத்தார். வெள்ளையம்மாள் இரண்டு முறை எழுந்திருக்கப் பார்த்தாள். இரண்டு முறையும் தோளில் கை விழுந்தது.

தலைப்பிரசவத்தின்போது அம்மா பரிமாறியதோடு சரி. அதற்குப் பிறகு அவளை உட்கார வைத்து யாரும் பரிமாறியதில்லை. யாரும் கெட்டவர்கள் இல்லை, யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். சர்க்கரை ஒட்டிய வாயோடு அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அடுப்புப் புகை என்று சொல்லிச் சமாளித்தாள், எரிந்தது என்னவோ கேஸ் அடுப்புதான்.

மிர்தா ஊருக்குப் போன பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறினாலும் போன் தவறியதில்லை. அங்கே காலையாக இருக்கும், இங்கே சாயங்காலம். மிர்தா போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஊரைச் சுற்றிக் காட்டுவார். அக்கரையே தெரியாத ஓர் ஆறு, பார்த்தால் கடல்தான். அதன் கரையோரமாக ஊர் முழுக்க நீளுகிற நடைபாதை. அதில் ஆணும் பெண்ணும் கக்கத்தில் ஃப்ளாஸ்க்கோடு நடந்துபோவார்கள். துறைமுகத்துப் பக்கம் இறைச்சி சுடுகிற புகை. பழைய கட்டடங்களுக்கு நடுவே குறுகலான தெருக்கள். கடைசியில் வீட்டு மொட்டைமாடிக்கு வந்து, காலியாக இருக்கும் இன்னொரு நாற்காலியைக் காட்டுவார். "இது உன்னுடையது. கோடையில் வா" என்று போன் சொல்லும்.

அந்த நாற்காலி வெள்ளையம்மாள் மனதில் போய் உட்கார்ந்துகொண்டது. பார்த்த ஊர் கொஞ்சமில்லை, வீடியோவில் லண்டனும் துபாயும்கூடப் பார்த்தாயிற்று. ஆனால் வேறெந்த ஊரிலும் அவளுக்கென்று யாரும் நாற்காலி போட்டு வைக்கவில்லை. ஒரே ஒரு முறை தான் விருந்தாளியாக வேண்டும், தன் படுக்கையை இன்னொருத்தர் விரிக்க வேண்டும், காபி வேண்டுமா என்று தன்னை ஒருத்தர் கேட்க வேண்டும். இந்த ஆசையை வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும், ஆனாலும் ஆசை போகவில்லை.

சின்னராஜ் சிரிக்கவில்லை. "போலாம் போ. எல்லாரும் நம்மூருக்குக் கோடைக்கு வாராங்க, நாம ஒருக்கா கோடைக்குப் போனா என்ன கொறஞ்சா போயிருவோம்?" என்றார்.

அதற்குப் பிறகு வெள்ளையம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. அறை வாடகையில் சேர்த்து வைத்த பணத்தை டிக்கெட்டுக்கு ஒதுக்கியாயிற்று, பாஸ்போர்ட் எடுத்தாயிற்று. சேலத்தில் நர்ஸிங் படிக்கிற மகள் தீபிகா, லீவுக்கு வந்தபோதெல்லாம் விமானம் எங்கே மாற வேண்டும், விசாவுக்கு என்ன வேண்டும் என்று தேடித் தேடிச் சொன்னாள். முதல் நாள் ஆற்றோர பெஞ்சு, மறுநாள் பழைய ஊர், அதற்கடுத்து துறைமுகத்துச் சந்தை, ஞாயிற்றுக்கிழமை தெருவில் மேளம் அடிக்கிறவர்களோடு நடப்பது என்று வெள்ளையம்மாள் மனதுக்குள்ளேயே நாள் பிரித்தாள். வெயிலுக்கென்று மெல்லிய பருத்திச் சேலைகள் வாங்கினாள். மே மாதத்துக்கு அறை கேட்டு வருஷா வருஷம் வருகிறவர்கள் கூப்பிட்டபோது, "இல்லீங்க, இந்தக் கோடைக்கு நாங்க ஊர்ல இல்லீங்க" என்றாள். அந்த வாக்கியத்தைச் சொல்வதற்காகவே இன்னும் நாலு பேர் கூப்பிட மாட்டார்களா என்றிருந்தது அவளுக்கு.

பிப்ரவரி மாதத்து ஞாயிறு ஒன்றில்தான் குட்டு உடைந்தது. தலைச்சோலையில் சாயங்காலக் குளிருக்கு வெள்ளையம்மாள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போனைத் திறந்தாள். அங்கே மிர்தா கையில்லாத கவுனோடு மாடியில் உட்கார்ந்து, செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தார்.

"வெயில் என்னைக் கொல்கிறது. இந்தக் கோடை மிகவும் மோசம்" என்றது போன்.

பக்கத்திலிருந்த தீபிகா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அம்மா... அவங்களுக்கு இப்பத்தான் கோடை. நம்ம மே மாசம் அங்க குளிர்காலம். பள்ளிக்கூடத்துல படிச்சதுதான், எனக்குத் தோணவே இல்லை பாரு."

"அதெப்படி? சூரியன் ஒண்ணுதானே?" என்றார் சின்னராஜ்.

தீபிகா ஒரு கமலா ஆரஞ்சை எடுத்துச் சாய்த்துப் பிடித்து விளக்கினாள். சின்னராஜ் விளக்கத்தைக் கேட்டார், ஆரஞ்சை உரித்துத் தின்றார். ஏற்காட்டுக்காரர்களுக்குக் கோடை என்றால் மே, அதில் மாற்றமே கிடையாது. கோடை விழா என்று ஊரே மலர்க் கண்காட்சி நடத்துகிற மாதம் உலகத்தின் இன்னொரு மூலையில் குளிர்காலமாக இருக்கும் என்று அவர்களுக்கு ஏன் தோன்றப்போகிறது? மிர்தா சில மாதம் ஸ்வெட்டரோடும் சில மாதம் இல்லாமலும் போனில் வந்ததை மலைக்காரர்கள் யாரும் கவனிக்கவில்லை. வெள்ளையம்மாளும் முதலில் சிரித்தாள். பருத்திச் சேலைகளை நினைத்து இன்னும் சிரித்தாள்.

"சரி, குளுருனா என்ன? நாங்க பாக்காத குளுரா? மே மாசமே வாரோம்னு சொல்லு கண்ணு" என்றாள் மகளிடம்.

போன் அதைச் சொன்னது. மிர்தா விசிறுவதை நிறுத்தினார். இந்த வருஷம் குளிர் தொடங்கியதும் அவர் வீட்டைப் பூட்டிவிட்டு ஸ்பெயினுக்கு மகனிடம் போய்விடுவார், நவம்பரில்தான் திரும்புவார். அடுத்த கோடைதான் அந்த வீட்டில் அவருக்குக் கடைசிக் கோடை. ஜனவரி முடிந்ததும் வீட்டை விற்றுவிட்டு மகனோடேயே தங்கிவிடப்போகிறார். "எனவே ஜனவரியில் வா. எனக்கு ஒரு கோடைதான் மீதம் இருக்கிறது" என்று போன் சொல்லி முடித்தது.

ஜனவரி என்றதும் வெள்ளையம்மாளும் சின்னராஜும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

காபிக்காரர்களுக்கு நவம்பர் தொடங்கி ஜனவரி முடிகிற வரை பழம், ஜனவரியில் அது உச்சம். செடியெல்லாம் சிவந்து நிற்கும். அன்றன்று பறித்த பழத்தை அன்றன்றே தோலுரித்தாக வேண்டும், ஒரு நாள் தள்ளிப்போட்டால் புளித்துவிடும். களத்தில் காயப்போட்டதைப் புரட்ட வேண்டும், பனிக்கு முன் மூட வேண்டும். சின்னராஜின் வலது கை பல வருஷத்துக்கு முன் தோலுரிக்கிற மெஷினில் சிக்கியது. அந்தக் கையால் ஒரு குடம்கூடத் தூக்க முடியாது. பறிப்புக் காலத்தில் அந்தத் தோட்டம் வெள்ளையம்மாளின் இரண்டு கைகளில்தான் நடக்கிறது. மழையிலும் வெயிலிலும் ஊருக்குப் போகலாம், சாவுக்கும் கல்யாணத்துக்கும் போகலாம், பழத்தை விட்டுவிட்டு யாரும் போனதில்லை.

"நீ மட்டும் போய்ட்டு வாயேன்" என்றார் சின்னராஜ், அன்று படுக்கப் போகும் முன்.

"போயி? பழம் தானா எறங்கி வந்து களத்துல படுத்துக்குமாக்கும்" என்றாள்.

பேச்சு அத்தோடு நின்றது. ஆசை நிற்கவில்லை.

மார்ச் பிறந்தது. காபிச் செடிக்கு ஒரு குணம் உண்டு. மொட்டு விட்டு முடித்து, நல்ல மழை ஒன்றுக்காக வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும். மார்ச்சிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ அந்தப் பூமழை பெய்துவிட்டால், ஒரு வாரம் பத்து நாளில் மலையே வெள்ளையாகப் பூத்துவிடும். பெய்யாவிட்டால் மொட்டு சிவந்து கருகி உதிரும். பூ இல்லையேல் பழம் இல்லை. பழம் இல்லையேல் ஜனவரியில் வேலை இல்லை.

இந்தக் கணக்கு வெள்ளையம்மாளுக்கு ஒரு நாள் துணி துவைக்கும்போது தானாக ஓடியது. ஓடிய வேகத்தில் கையிலிருந்த துணியை அப்படியே வாளியில் போட்டாள். மழை வரக்கூடாது என்று நினைக்கிற காபிக்காரி உலகத்தில் உண்டா? வானம் கறுத்தால் வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள். காற்று வந்து மேகத்தைக் கலைத்தால் மூச்சு வந்தது. மூச்சு வந்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். சேர்வராயன் கோயிலுக்குப் போய்க் குகை வாசலில் குனிந்து நின்றபோது, வருஷா வருஷம் கேட்கிற "மழை குடு சாமி" வாயில் வரவில்லை. மழை வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. சூடத்தைக் கொளுத்திவிட்டுச் சும்மா வந்துவிட்டாள்.

மழையும் வரவில்லை. மார்ச் முடிந்தது. கொட்டச்சேடு பக்கம் பெரிய எஸ்டேட்டுகளில் குட்டைத் தண்ணீரை இறைத்து ஸ்பிரிங்ளர் போட ஆரம்பித்துவிட்டார்கள். சின்னராஜிடமும் பழைய ஆயில் எஞ்சினும் ஸ்பிரிங்ளர் குழாயும் உண்டு, தோட்டத்துக் குட்டையில் தண்ணீரும் கிடந்தது. பூமழை பொய்த்த வருஷங்களில் அதுதான் அவர்களைக் காப்பாற்றியிருக்கிறது.

பக்கத்துத் தோட்டத்துப் பொன்னுவேல் வேலியில் நின்று கேட்டார். "என்னங்க சின்னராஜு, இன்னும் தண்ணி உடலீங்களா? மொட்டு கருகிரும்ங்க."

"எஞ்சின் கோளாறுங்க. ஸ்டார்ட் ஆவ மாட்டேங்குது. மெக்கானிக்குக்குச் சொல்லியிருக்கேன்" என்றார் சின்னராஜ்.

அதைக் கேட்ட வெள்ளையம்மாளுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். எஞ்சினே கெட்டுப்போய்விட்டதென்றால் பாவம் தன் தலையில் இல்லை. அன்றிரவு அவள் கனவில் மொட்டைமாடி வந்தது.

மறுநாள் மத்தியானம் காளியாயி வந்தாள். வருஷா வருஷம் பறிப்புக்கு வருகிறவள், புருஷனோடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் கொட்டச்சேட்டில் இருக்கிறாள். கொடுத்த காபியை நின்றபடியே குடித்தாள்.

"ஏனுங்கக்கா, இந்த வருசம் பழம் உண்டுங்களா?"

"ஏன் கேக்கறே?"

"இல்லீனா இப்பவே சொல்லீருங்க. எங்கூட்டுக்காரர் கூர்க் பக்கம் எஸ்டேட்டுக்குப் போயிரலாம்ங்கறாரு. பெரியவ பத்தாவது போறா. படிப்பை உட்டுட்டு இழுத்துட்டுப் போறதா, இல்ல இங்கயே இருந்துக்கறதான்னு தெரிலீங்க. உங்க மூஞ்சியப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

வெள்ளையம்மாளால் முகத்தைக் காட்ட முடியவில்லை. "எஞ்சின் ரிப்பேராமா. செரியானதும் தண்ணி உடுவோம்" என்றாள்.

"நீங்க ஹேண்டில் சுத்தியுமா ஸ்டார்ட் ஆவல? உங்க கைக்கு ஆவாத எஞ்சினா!" என்று சிரித்துவிட்டு டம்ளரை வைத்தாள் காளியாயி.

அவள் போன பிறகும் வெள்ளையம்மாள் அங்கேயே நின்றாள். ஹேண்டில். அந்த எஞ்சினைக் கிளப்ப இரண்டு பேர் வேண்டும். சின்னராஜின் கை போன நாளிலிருந்து அவள்தான் ஹேண்டிலைச் சுற்றுவாள், வேகம் பிடித்ததும் அவர் இடது கையால் லீவரைத் தட்டுவார். அவரால் தனியாக அந்தச் சக்கரத்தை அரைச் சுற்றுகூடச் சுற்ற முடியாது. இந்த வருஷம் அவளை அவர் ஒரு முறைகூடக் கூப்பிடவில்லை. கிளப்பிப் பார்க்காமலே எஞ்சின் கிளம்பவில்லை என்று எப்படித் தெரியும்?

குட்டைக் கரையில் சின்னராஜ் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் எஞ்சின் சாக்குப் போட்டு மூடிக் கிடந்தது. அவள் சாக்கை உருவினாள்.

"எஞ்சினுக்கு என்னங்க?"

"கோளாறு."

"நான் சுத்தாம எப்படிங்க கோளாறு தெரிஞ்சுச்சு?"

சின்னராஜ் கைக்கெட்டிய செடியில் ஒரு கொத்து மொட்டைத் தடவிக்கொண்டிருந்தார். நுனி லேசாகச் சிவக்கத் தொடங்கியிருந்தது.

"ஒரு வருசம் காய்க்காம இருந்தா செடி செத்தா போயிரும்?" என்றார் கடைசியில். "இருவத்தஞ்சு வருசமா இந்தத் தோட்டத்துக்கு நீ ஓடுனே. நானும் வேண்டாங்கல. அந்தம்மா உன்னய உக்கார வெச்சுச் சோறு போட்டதை நான் வாசப்படில நின்னு பாத்தேன் புள்ளே. நீ அழுததையும் பாத்தேன். எனக்கு நொம்ப வெக்கமாப் போச்சு. நீ போயி அந்தச் சேர்ல உக்காரோணும்."

வெள்ளையம்மாள் உருவிய சாக்கைக் கையில் சுருட்டிக்கொண்டாள். தான் ஒளித்து ஒளித்து வைத்திருந்த பாவத்தை இந்த மனிதர் தனக்காகத் தன் தலையில் ஏற்றிக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும், நாலு வார்த்தை திட்ட வேண்டும் போலவும் இருந்தது. போகலாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மொட்டு கருகும், ஜனவரி வரும், மொண்டேவீடியோ வரும். அந்த ஒரு வார்த்தை அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"காளியாயி வந்துட்டுப் போனாளுங்க. பழம் உண்டான்னு கேட்டா" என்றாள். "அவ புள்ளைய பள்ளிக்கூடத்த உட்டு நிறுத்திட்டு நான் போயி எந்தச் சேர்லீங்க உக்காருவேன்? எந்திரிங்க. லீவரப் புடிங்க."

"வெள்ளே..."

"எந்திரிங்கறேன்ல."

ஹேண்டிலை மாட்டிச் சுற்றினாள். முதல் தடவை பிடிக்கவில்லை. இரண்டாவது தடவை கண்ணீர் மறைக்க, பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினாள். "தட்டுங்க!" என்று கத்தினாள். அவர் தட்டினார். எஞ்சின் கரும்புகையைக் கக்கிவிட்டு ஓடத் தொடங்கியது. கோளாறும் இல்லை, ஒன்றும் இல்லை. சரிவில் ஸ்பிரிங்ளர் தலைகள் சுழன்று, செடிகள்மேல் தண்ணீர் மழையாக விழுந்தது. அவள் நனைந்துகொண்டே நின்று அழுதாள். சின்னராஜ் பக்கத்தில் வந்து நின்றார்.

அடுத்த வாரத்துக்கு அடுத்த ஞாயிறு, தோட்டம் பூத்திருந்தது. கிளை தெரியாமல் வெள்ளை, மல்லிகைபோல வாசனை, தேனீக்களின் இரைச்சல். வெள்ளையம்மாள் செடிகளுக்கு நடுவே நின்றபடி போனைத் திறந்தாள். மிர்தா ஜூலையில் வந்தவர், காபி பூத்துப் பார்த்ததில்லை. ஒரு நிமிஷம் வாயில் கை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டேயிருந்தார். அவருக்குப் பின்னால் கூடத்தில் கட்டிய பெட்டிகள் இருந்தன. ஸ்பெயின் போகிற நேரம்.

வெள்ளையம்மாள் நேராகவே சொன்னாள். "மிர்தாக்கா, இந்தப் பூவெல்லாம் ஜனவரில பழமாயிரும். அதனால நான் வர முடியாதுங்க்கா. உங்க கடைசிக் கோடைக்கு நான் வர மாட்டேன். வரோணும்னு உசுரு கெடந்து அடிச்சுக்குது. ஆனா வர முடியாது."

போன் அதைத் தன் பாணியில் ஸ்பானிஷில் ஒப்பித்தது. மிர்தா போனைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். படிகள் ஆடின, கதவு ஆடியது, வானம் வந்தது. மொட்டைமாடியில் அந்த இன்னொரு நாற்காலியின்மேல் ஃப்ளாஸ்க்கை வைத்து, அதில் போனைச் சாய்த்து நிறுத்தினார். வீடுகளுக்கு அப்பால் அக்கரை தெரியாத ஆறு பழுப்பாக மின்னியது. மிர்தா உள்ளே போய்த் திரும்பி வந்தார். சர்க்கரை தூவிய வட்டப் பண்டம் ஒன்றைத் தட்டில் வைத்து, போனுக்கு முன்னால் வைத்தார். தான் எதிரே உட்கார்ந்துகொண்டார்.

வெள்ளையம்மாள் அந்தத் தட்டையே பார்த்தாள். கை நீட்டினால் எட்டும் போல அவ்வளவு பக்கத்தில் இருந்தது.

மிர்தா கண்ணைத் துடைத்துக்கொண்டார். போன் மொழிபெயர்க்கக் காத்திருக்கவில்லை.

"உக்காரு" என்றார்.

வெள்ளையம்மாள் பூத்துக்கிடந்த செடிகளுக்கு நடுவே, ஈர மண்ணில், சேலையோடு அப்படியே உட்கார்ந்தாள்.